ஐயோ என்றொரு கட்டளை

அந்தக் கடையில் என்னுடைய உத்தியோகப் பெயர் கம்ப்யூட்டர் என்ஜினியர். விசிட்டிங் கார்டில் அப்படித்தான் இருந்தது. அந்தக் கார்டை வடிவமைத்தது நான்தான் என்பதால் அதில் யாரும் தலையிடவில்லை. உண்மையில் காலை தொடங்கிப் பின்னேரம் வரைக்கும் நான் செய்த வேலை, "என்னக்கா?" என்று கேட்பது.

கடை புளியந்தீவில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருந்தது. கலியாணக் கார்ட், கோயில் திருவிழா நோட்டீஸ், பள்ளிவாசல் கந்தூரி அறிவித்தல், பள்ளிக்கூடச் சான்றிதழ், செத்தவீட்டு முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகம், எல்லாவற்றையும் அங்கே கம்ப்யூட்டரில் வரைந்து அச்சகத்துக்கு அனுப்புவோம். சண்டைக் காலம்தான். ஆனாலும் ஆட்கள் கலியாணம் முடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். மூலையில் வைக்கிற ரோசாப்பூ சிவப்பா மஞ்சளா என்று எங்கள் மேசைக்கு முன்னால் நின்று தனியாக ஒரு சண்டையும் பிடித்துவிட்டுப் போவார்கள்.

இரண்டு மெசின்கள். ஒன்றில் நான், மற்றதில் அக்கா. சொந்த அக்கா இல்லை. வவுணதீவுப் பக்கத்திலிருந்து தினமும் பாலம் கடந்து, பாலத்தடிச் செக்பொயின்டில் பையைத் திறந்து காட்டிவிட்டு வருகிறவர். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். கணவரை ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்றவர்கள் இன்னும் விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். அக்கா அதைப் பற்றிக் கதைக்க மாட்டார். மற்ற எல்லாவற்றைப் பற்றியும் கதைப்பார்.

அக்காவின் கை நல்ல கை. குத்துவிளக்கும் கும்பமும் தாமரையும் அவர் வரைந்தால் வாடிக்கையாளர்கள் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு போவார்கள். ஆனால் நாங்கள் பாவித்த வரைகலை மென்பொருளின் கட்டளைகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. ஆங்கிலம் எனக்குத் தூரத்துச் சொந்தம். அக்காவுக்கு அதுவும் இல்லை. மேலே வரிசையாக மெனுக்கள், ஒவ்வொன்றையும் இழுத்தால் உள்ளே இன்னொரு மெனு, அதற்குள் இன்னொன்று. அறிமுகமில்லாதவர் வீட்டுக் குசினியில் உப்புப் போத்தலைத் தேடுகிற மாதிரித்தான்.

"தங்கச்சி!"

"என்னக்கா?"

"இந்தப் பூவ மற்றப் பக்கம் பாக்கத் திருப்புறது எங்க இரிக்கு?"

சொல்லுவேன். திருப்புவார். அடுத்த நாள் இன்னொரு பூவுக்கு அதே கேள்வி வரும். "நேற்றுத்தானேக்கா சொன்னன்?" என்று சலித்துக்கொள்வேன். "நேற்று சொன்னது ரோசாப்பூவுக்கு. இது மல்லிகை," என்பார், ஒரு வெட்கமும் இல்லாமல்.

முதலாளி ஏறாவூர்க்காரர். அங்கே மூத்த சகோதரனைக் கூப்பிடுவது போல நாங்களும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். வளைகுடாவில் சில வருடம் உழைத்துவிட்டு வந்து கடை போட்டவர். கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்தது அதை மூடி வைக்கிற உறையின் நிறம் மட்டும்தான். அவருடைய ஆசையெல்லாம் போட்டோகொப்பி மெசினில் இருந்தது. அந்த நாட்களில் ஊரில் எதற்கும் பிரதி கேட்பார்கள். அடையாள அட்டைக்குப் பிரதி, பயணப் பாஸுக்குப் பிரதி, கிராம சேவகரின் கடிதத்துக்குப் பிரதி, அந்தப் பிரதி உண்மையானது என்று சொல்லுகிற கடிதத்துக்கும் பிரதி. எதிர்க்கடையில் நீண்டு நின்ற அந்த வரிசையைக் காக்கா ஜன்னலால் பார்க்கிற பார்வையில் ஒரு காதல் இருந்தது.

இப்படியிருக்க எனக்குக் கொழும்பில் ஒரு கம்பனியில் வேலை கிடைத்தது. காக்காவிடம் போய்ச் சொன்னேன். மனமாரச் சந்தோசப்பட்டார். கடையில் எல்லோருக்கும் இனிப்பென்று தொதல் வாங்கித் தந்தார். தொதலைத் தின்றுகொண்டே சொன்னார்:

"அப்ப அவட மெசினையும் வித்துப்போட்டு போட்டோகொப்பி எடுக்கத்தான் இரிக்கி புள்ள."

"அக்கா என்ன செய்வா காக்கா?"

"பாவந்தான். நான் என்ன செய்ய? அவக்குக் கேட்டுக் கேட்டுத்தானே வேல ஓடுது. நீ போனா மறுகா ஆருக்கிட்டக் கேப்பா? போட்டோகொப்பி மெசின் ஒரு கேள்வி கேக்குமா, சொல்லு பாப்பம்?"

கேட்காதுதான்.

அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தொதலைப் பிள்ளைகளுக்கென்று தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தார். பிறகு மெனுவை இழுத்து, ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லாக எழுத்துக்கூட்டி வாய்க்குள் முணுமுணுக்கத் தொடங்கினார். பிழையாகத்தான் படித்தார். வழக்கமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கதிரை போனால் அவருக்கு வேறு கதிரை இல்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அக்கா மெனுவைத் தேடிப் போகத் தேவையில்லை, மெனு அக்காவைத் தேடி வரட்டும். திரையின் மேல்மூலையில் சின்னதாக ஒரு பெட்டி. அதில் தமிழில் என்ன வேண்டும் என்று அடித்தால், பொருத்தமான கட்டளைகள் கீழே வந்து நிற்கும். ஒன்றைத் தொட்டால் மெனுவைத் திறந்து அமத்துகிற வேலையைப் பெட்டியே செய்துவிடும். அந்த மென்பொருளுக்குள் சின்னச் சின்ன நிரல் எழுதி ஓடவிட வழி இருந்தது. விசிட்டிங் கார்டில் போட்ட பட்டத்துக்கு முதன்முதலாக ஒரு வேலை வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

கரண்ட் இருந்த நேரங்களில் எழுதினேன். கட்டளைகளுக்குத் தமிழ்ப் பெயர் வேண்டுமே என்று ஒரு கலைச்சொல் அகராதியை இரவல் வாங்கி வந்தேன். அதைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் அழகான சொல் கொடுத்தேன். செயல்தவிர், சேமி, தெறிப்புறு, செதுக்கு, உருமாற்று. படித்துப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. தமிழுக்கு ஏதோ தொண்டு செய்துவிட்ட மாதிரி ஒரு நிமிர்வோடு அக்காவைக் கூப்பிட்டுப் பெட்டிக்கு முன்னால் இருத்தினேன்.

"இதுக்கிட்டக் கேளுங்கக்கா. என்ன வேணும் எண்டு அடிச்சாச் சரி."

அக்கா விரல்களை ஒரு தரம் சேலையில் துடைத்துவிட்டு நிதானமாக அடித்தார். 'தங்கச்சி ஒருக்கா அந்தப் பூவத் திருப்புறது எங்க இரிக்கு.'

'எதுவும் கிடைக்கவில்லை' என்றது பெட்டி.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் மரியாதையாத்தானே கேட்டன்?"

அவர் கேட்டது சரிதான். எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் வெறுமனே கட்டளை போடுவதில்லை. முன்னால் ஒரு 'ஒருக்கா' வைக்காமல் தண்ணீர்கூடக் கேட்க மாட்டோம். ஒருக்கா வாங்க, ஒருக்கா பாருங்க, ஒருக்கா நகருங்க. பாலத்தடியில் நிற்கிற சிப்பாய்க்குத் தெரிந்த தமிழே நாலைந்து சொல்தான். அவன்கூட "ஒருக்கா பேக் திற" என்றுதான் சொல்லுவான். தோளில் கொழுவிய துவக்குக்கு முன்னாலும் ஒரு 'ஒருக்கா' நிற்கிற ஊர் எங்களுடையது. என் பெட்டிக்கு இது தெரியாது. அது ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, இது எந்தக் கட்டளையின் பெயரிலாவது இருக்கிறதா என்று பார்த்தது. 'தங்கச்சி' எங்கேயும் இல்லை. 'ஒருக்கா' இல்லை. 'திருப்புறது'கூட இல்லை. நான் வைத்திருந்தது 'தெறிப்புறு'. கையை விரித்துவிட்டது.

அன்றிரவு வீட்டில் அதே யோசனை. காலையில் வந்ததும் பெட்டிக்கு முதல் பாடம் சொல்லிக் கொடுத்தேன். சில சொற்களைக் கண்டாலும் காணாத மாதிரி இருக்க வேண்டும். 'ஒருக்கா', 'கொஞ்சம்', 'சும்மா', 'அந்த', 'இந்த', 'எங்க', 'இரிக்கு' எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டித் தள்ளி வைத்தேன். அக்கா கேட்பது எதுவும் 'தங்கச்சி' என்றுதான் தொடங்கும். அந்தச் சொல்லால் ஒரு கட்டளையும் பிடிபடப் போவதில்லை. அதையும் தூக்கி அந்தக் கட்டோடு போட்டேன். பிறகு நிம்மதியாக ஒரு பிளேன்டீ குடித்தேன்.

மரியாதையைக் கழித்தாயிற்று. இனி மிஞ்சுகிற சொற்களுக்காவது விடை வர வேண்டுமே. அங்கேதான் என் அகராதி ஒவ்வொரு பக்கமாகக் கிழியத் தொடங்கியது.

"சேமி எண்டா பேங்கில போடுறதுதானேகா," என்றார் அக்கா. "இது கரண்ட் போகமுதல் காப்பாத்துறது." அவர் 'காப்பாத்து' என்றுதான் அடித்தார். போட்டேன். படத்தின் ஓரத்தை வெட்டிச் சீராக்குகிற கட்டளைக்கு நான் 'செதுக்கு' என்று வைத்திருந்தேன். அக்காவுக்கு அது 'வரம்பு கட்டு'. வயல்காரக் குடும்பத்தில் பிறந்தவருக்குத் திரையும் ஒரு வயல்வட்டைதான், ஓரமெல்லாம் வரம்புதான். அதையும் போட்டேன். படத்தை மங்கலாக்குவது 'பனிப்புகார்'. பல உருவங்களைச் சேர்த்து ஒன்றாக்குவது 'முடிச்சுப் போடு', பிரிப்பது 'அவிழ்'. ஒவ்வொரு தடவையும் நான் வாதாடினேன். ஒவ்வொரு தடவையும் தோற்றேன். தோற்றதைவிட, அவர் சொல் நன்றாக இருந்ததுதான் எனக்குக் கோபம்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. ஒரு சொல்லை முழுதாக அடிக்க முதலே பெட்டி ஊகித்துக் காட்ட வேண்டும் என்று செய்திருந்தேன். ஆனால் அப்போது எங்கள் தமிழ் எழுத்துரு கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கில் தட்டுகிற எழுத்துரு. 'வெட்டு' என்று அடிக்க முதலில் கொம்பைத் தட்ட வேண்டும், பிறகுதான் வகரம். ஆகவே கொம்பைத் தட்டிய உடனே பெட்டி குழம்பிப்போய், கொம்பில் தொடங்குகிற எல்லாவற்றையும் கொண்டுவந்து நிறுத்தியது. வெட்டு, வெளிச்சம், பெருப்பி, தெளிவு, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல். ஒரு என்ஜினியருக்கு இதைவிட வெட்கம் வேறில்லை. திருத்தப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

"விடு தங்கச்சி. கொம்பு வச்சதெல்லாம் ஒரு பட்டியில நிக்கட்டும். எனக்குப் பிடிக்கச் சுகம்."

இன்றைக்கும் எங்கேயாவது தேடல் பெட்டியைக் கண்டால் எனக்கு அந்த மாட்டுப் பட்டிதான் ஞாபகம் வரும்.

எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த நான் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றேன். செய்த பிழையை இல்லாமலாக்கி ஒரு படி பின்னால் போகிற கட்டளை. ஆங்கிலம் தெரிந்தவர்கள் அன்டூ என்பார்கள். எந்த வரைகலைக்காரருக்கும் சோற்றுக்கு அடுத்தபடி தேவையானது அதுதான். நான் அதற்கு வைத்திருந்தது 'செயல்தவிர்'. அகராதியில் எனக்கு மிகவும் பிடித்த சொல். அக்கா அதற்கு ஒரே ஒரு சொல்லைத்தான் அடித்தார்.

'ஐயோ.'

"அது கட்டளை இல்லக்கா," என்றேன்.

"ஏன் இல்ல?"

"ஐயோ எண்டா ஒரு சத்தம். அதுக்கு அர்த்தம் கிடையாது."

"பிழை விட்டா வாயில முதல் வாறது அதுதானே. வாயில ஐயோ வரக்குள்ள கையில என்னெண்டு தங்கச்சி செயல்தவிர் வரும்? அத நினைச்சு அடிச்சு முடியக்குள்ள கரண்டும் போயிரும்."

மூன்று நாள் மாட்டேன் என்றேன். மூன்று நாளும் அக்கா பிழை விடும்போதெல்லாம் வாயால் "ஐயோ" என்பதும், பிறகு என்னைப் பார்த்து "அர்த்தம் இல்லாத ஐயோ" என்று திருத்திச் சொல்வதுமாக இருந்தார். காக்காவும் சேர்ந்துகொண்டார். படியில் கால் தடக்கினாலும் "செயல்தவிர்!" என்று கத்துவார். நாலாம் நாள் தாங்க முடியாமல் 'ஐயோ'வை உள்ளே போட்டேன். என் செயல்தவிரும் அங்கேதான் இருந்தது. ஒருவரும் அதைத் தொடவில்லை.

காக்காவுக்குப் பெட்டியில் நம்பிக்கை வரவில்லை. ஒருநாள் கடைத் திறப்பை, அதுதான் சாவியை, தொலைத்துவிட்டு மேசை மேசையாகத் தேடினார். பிறகு நக்கலாக என் கதிரையில் குந்தி, 'என்ட திறப்பு எங்க' என்று பெட்டியில் அடித்தார். 'திற' என்று தொடங்குகிறதே என்று பெட்டியும் சுறுசுறுப்பாகக் கோப்புகளைத் திறக்கிற கட்டளையைக் கொண்டுவந்தது. "பாத்தியா புள்ள, திறப்பக் கேட்டா அலுமாரியத் திறந்து காட்டுது," என்று வயிறு குலுங்கச் சிரித்தார். திறப்பு அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது. அதை நான் சொல்லிக் காட்டவில்லை. அக்காவின் கதிரை அவர் கையில் இருந்தது.

நான் போக வேண்டிய கிழமை வந்தது. போட்டோகொப்பி மெசின் விற்கிற ஏஜென்ட் ஒருவர் பின்னேரம் வருவதாகச் சொல்லியிருந்த நாளில் காக்கா தீர்ப்பைச் சொன்னார்.

"இண்டைக்கு நீ வாய் திறக்கப்படா. அவ தனியச் செய்யட்டும். செஞ்சா அவட கதிர அவக்கு. இல்லாட்டி ஏஜென்டுக்கு ஓம் எண்டு சொல்லிருவன். பொறகு என்னக் குறை சொல்லக் கூடா."

செய்ய வேண்டியது காக்காவின் தங்கை மகளின் கலியாணக் கார்ட். கிட்டத்தட்ட முடிந்த வேலை, சின்னத் திருத்தங்கள்தான். மத்தியானத்துக்கு முதல் அச்சகத்துக்குப் போக வேண்டும். ஆனால் அன்றைக்கென்று பார்த்து மேற்குப் பக்கம் ஏதோ வெடிச்சத்தம் கேட்டு, பாலத்தை மூடிவிட்டார்கள். அக்கா வரவில்லை. அச்சகத்து ஆள் வந்து வாசலில் நின்றார். காக்கா மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தேன்.

"நான் என்ன, மாப்புளட பேரக் கொஞ்சம் பெருப்பிக்க ஏலாதவனா?" என்று அக்காவின் கதிரையில் தானே குந்தினார்.

பெட்டியில் 'பெருப்பி' என்று அடித்தார். வந்தது. தொட்டார். மாப்பிள்ளையின் பெயர் பெருத்தது. காக்காவின் முகமும் பெருத்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பொம்பிளையின் பெயர் சிறிதாகத் தெரிகிறதே என்று அதில் கை வைத்தார். கை வேறு எதிலோ பட்டது. பொம்பிளை காணாமல் போனார். பதறிப்போய் எதையோ அமத்தினார், மாப்பிள்ளையும் போனார். இன்னொன்றை அமத்தினார், ஓரத்துப் பூ முழுவதும் போனது. கடைசியில் கார்டில் மண்டபத்தின் விலாசமும் பகற்போசனமும் மட்டும் மிஞ்சின.

"உம்மோ!" என்று தாயைக் கூப்பிட்டுக் கத்தினார் காக்கா.

நான் விரலால் பெட்டியைக் காட்டினேன். அவசரமாக 'உம்மோ' என்று அடித்தார். எதுவும் கிடைக்கவில்லை என்றது பெட்டி. அடுத்து 'யா அல்' வரைக்கும் அடித்துவிட்டு, சூடு பட்டவர் போல விரலை எடுத்துக்கொண்டார். "சீச்சீ, அல்லாட பேர இதுக்குள்ள போடக் கூடா." பிறகு என் பக்கம் திரும்பினார். "வாயத் திறவன் புள்ள! கலியாணம் நிண்டுபோகப் போகுது!"

"நீங்கதானே காக்கா கதைக்கப்படா எண்டீங்க?"

அந்த நேரம்தான் அக்கா படியேறி வந்தார். பாலம் திறக்கும்வரை வெயிலில் நின்ற முகம். தோளில் பை, காலில் செருப்பு, ஒன்றையும் கழற்றவில்லை. காக்காவின் தோளுக்கு மேலால் எட்டித் திரையைப் பார்த்தார். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. ஒற்றைக் கையால் 'ஐயோ' என்று அடித்தார். பூ வந்தது. இன்னொரு ஐயோ, மாப்பிள்ளை வந்தார். இன்னொரு ஐயோ, பொம்பிளையும் வந்து தன் இடத்தில் நின்றார். அச்சகத்து ஆள் வாசலில் நின்றபடி கைதட்டினார்.

காக்கா எழும்பிக் கதிரையை அக்காவின் பக்கம் தள்ளிவிட்டார். "எனக்கும் அதுக்குள்ள ஒரு சொல்லுப் போடு புள்ள. உம்மோ எண்டா விளங்க வேணும். கடைக்காரன்ட பாஷை கடை மெசினுக்குத் தெரியாட்டி மெய்தான் மானக்கேடு." அன்றைக்கே போட்டேன். ஐயோவும் உம்மோவும் ஒரே கட்டளைக்கு இரண்டு பெயராக அக்கம்பக்கத்தில் இருந்தன.

காக்கா எல்லோருக்கும் தேத்தண்ணி சொல்லக் கீழே இறங்கிப் போனார். அக்கா அப்போதுதான் செருப்பைக் கழற்றினார். திரையைப் பார்த்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"இது ஒண்டுதான் தங்கச்சி, ஐயோ எண்டா திருப்பித் தருது."

அவர் முன்பு எந்தெந்த முகாம் வாசலில் நின்று அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அதற்கு அர்த்தம் இல்லை என்று அகராதியைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் வாதாடிய என்ஜினியர் நான்தான். பக்கத்தில் போய் நின்றேன். அவர் பொம்பிளையின் பெயரைக் கொஞ்சம் பெருப்பித்தார்.

பின்னேரம் ஏஜென்ட் வந்தார். காக்கா அவருக்கும் ஓம் என்றுதான் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்க வைக்கிற?" என்று ஏஜென்ட் கேட்க, காக்கா கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் மேசையைக் காட்டினார். "இந்த மூலையில. இந்தப் புள்ள போகுதுதானே." அக்கா வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தேன்.

கொழும்புக் கம்பனிக் கந்தோர் குளிர். கதவு, மேசை, மனிதர் எல்லாம் ஆங்கிலம். அங்கே என்னை யாரும் 'தங்கச்சி' என்று கூப்பிடவில்லை, என் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். நானும் 'ஒருக்கா' போடாமல் கதைக்கப் பழகினேன். பின்னேரங்களில் அறைக்குப் போகிற வழியில் செக்பொயின்டில் நிற்கும்போது மட்டும் ஊர் ஞாபகம் வரும். அங்கே நின்றவனுக்கு அந்த ஒரு சொல்லும் தெரிந்திருக்கவில்லை.

ஒருநாள் கடைத் தொலைபேசியிலிருந்து அக்கா எனக்குக் கோல் எடுத்தார். மழை, பிள்ளைகளின் சோதனை, பாலம், போட்டோகொப்பி மெசினில் அடிக்கொருதரம் தாள் சிக்குவது, எல்லாம் சொன்னார். தாள் சிக்கும்போது காக்கா மெசினின் மூடியில் தட்டி "உம்மோ" என்று சொல்லிப் பார்க்கிறாராம். அதுக்கு விளங்கவில்லையாம்.

"உங்கட வேல எப்பிடிக்கா? பெட்டி சரியா வருதா?"

"எல்லாம் வருது. நான் ஒருத்தருக்கிட்டயும் ஒண்டும் கேக்கிறல்ல இப்ப." குரலில் அப்படியொரு பெருமை. பிறகு கொஞ்சம் இழுத்தார். "ஒரு சொல்லுக்கு மட்டும் பேசாம நிக்குதுகா."

"என்ன சொல்?"

"கடையில ஆளில்லாத நேரம் சும்மா தங்கச்சி எண்டு மட்டும் அடிச்சுப் பாக்கிறனான். கிடைக்கல்ல எண்டும் சொல்லுதில்ல. ஒண்டுமே சொல்லுதில்ல."

சொல்லாதுதான். கண்டும் காணாமல் விட வேண்டிய சொற்களோடு அதையும் கட்டிப் போட்டவள் நான்தானே. ரிசீவரைப் பிடித்தபடி அந்தக் குளிர்க் கந்தோரில் அழுதேன். பக்கத்து மேசைக்காரர் ஏதோ சாவு என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அந்தக் கிழமையே பெட்டியைத் திருத்தினேன். தள்ளி வைத்த சொற்களிலிருந்து ஒன்றை மட்டும் விடுவித்து, அதற்கு ஒரு பதில் எழுதினேன். பிளொப்பியில் போட்டு, ஊருக்குப் பஸ்ஸில் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். வழியில் எத்தனை இடத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களோ தெரியாது. உள்ளே இருந்தது அந்தச் சின்னப் பதில் மட்டும்தான்.

பிறகு அக்கா கோல் எடுத்தார்.

"அடிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தன்."

"என்ன வந்தது?"

"என்னக்கா எண்டு வந்தது," என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "உன்னப் போலயேதான்கா. சலிச்சுக்கொண்டுதான் கேக்குது."